அரை நிமிஷம் கேட்டால் ஒன்றேகால் நிமிஷம்

கானாடுகாத்தானில் அந்த வீட்டின் உள்கட்டுக்கு உச்சி வெயில்கூட நேராக இறங்காது. முற்றத்தில் விழுகிற வெளிச்சம் ஆத்தங்குடிக் கல்லில் பட்டு, தூண்களில் ஏறி, தூண்களுக்குப் பின்னால் இருக்கிற அறைவாசலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடும். 1994 மாசி மாதம் அந்தக் கட்டைப் படம் எடுக்கப் போனேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தோளில் அப்பாவின் யாஷிகா மேட் கேமரா, கையில் ஸ்டாண்ட், பையில் கேபிள் ரிலீஸ், லைட் மீட்டர், இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் பிலிம் இரண்டு ரோல்.

முன்னால் நிற்கிற தேக்குத் தூணும் தெளிவாக வரவேண்டும், கடைசியில் இருக்கிற கதவின் சிற்பமும் தெளிவாக வரவேண்டும். அதனால் அப்பர்ச்சரை எஃப்22 வரை சுருக்கினேன். மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன். 30 வினாடி என்றது. ஷட்டரை 'பி'-யில் வைத்து, கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 30 வினாடி விட்டேன். கோணம் மாற்றி மாற்றி ஒரு ரோலின் 12 படமும் அப்படியே. அந்த வீட்டு ஆச்சி அறைவாசல் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "என்ன ஆத்தா, ஒரு படத்துக்கு இம்புட்டு நேரமா?" என்றார்கள். "இருட்டா இருக்குல்ல ஆச்சி, அதான்" என்றேன்.

அன்று ராத்திரி காரைக்குடியில் எங்கள் ஸ்டுடியோ டார்க் ரூமில் பிலிமைக் கழுவி, ஹைப்போவில் போட்டு எடுத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். முற்றம் இருந்தது. தூண்களில் வெளிச்சம் பட்ட பக்கம் இருந்தது. தூண்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. நெகட்டிவில் நிழல் மெலிதாக இருக்கும், அது இயல்பு. ஆனால் இது மெலிதுகூட இல்லை. வெறும் தெளிந்த பிலிம். ஆச்சி உட்கார்ந்திருந்த நிலைப்படியும், அதற்குப் பின்னால் இருந்த அறையும், ஆச்சியும் அதில் பதியவே இல்லை. 12 படத்திலும் அப்படித்தான்.

மீட்டர் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் அப்பா நெகட்டிவை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். எத்தனை வினாடி கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். "மீட்டர் சரியாத்தான் சொல்லிருக்கு ஆத்தா. பிலிமுதான் அம்புட்டு நேரம் தாங்காது. அரை நிமிஷம் காட்டுனா ஒன்னேகால் நிமிஷம் விடணும்" என்றார்.

அப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. அவர் மரப்பெட்டி கேமராவில் பழகியவர். லென்ஸ் மூடியைக் கழற்றி, வாய்க்குள் எண்ணி, மறுபடி மூடி எக்ஸ்போஷர் கொடுத்த தலைமுறை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமும், கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ பிலிமும் அவர் கையில் ஆயிரக்கணக்கில் புரண்டிருக்கின்றன. மழைநாளில், கரண்ட் இல்லாத கல்யாண வீட்டில், கெட்டுப்போன படங்களிலிருந்து அவர் கற்றுக்கொண்ட கணக்கு அது. ஏன் அப்படி என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. ஆனா அப்படித்தான்" என்றார். அந்த 'ஏன்' எனக்குப் புரிய மேலும் சில வருஷங்கள் ஆயின. புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்று பழைய பிலிம் கேமராவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

போட்டோ எடுக்கிறவர்கள் முதலில் கற்கிற கணக்கு ஒன்று உண்டு. வெளிச்சத்தின் அளவையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் எக்ஸ்போஷர். வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரண்டு மடங்காக்கு, சரியாகிவிடும். எஃப்8-ல் 1/60 வினாடியும், எஃப்11-ல் 1/30 வினாடியும் ஒன்றுதான். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டி ஈடுகட்டுவது. இதற்கு ரெசிப்ராசிட்டி என்று பெயர். நான் பிள்ளைகளுக்குச் 'சரிக்குச் சரி' என்று சொல்லித்தருவேன். பள்ளிக்கூட வேதியியல் சோதனைச்சாலையில் பன்சன் பர்னர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பன்சனும் ராஸ்கோ என்ற ஆங்கிலேய வேதியியலாளரும் சேர்ந்து 1862-ல் வகுத்த விதி இது.

பகல் வெளிச்சத்தில் இந்த விதி பிசகுவதே இல்லை. 1/1000 வினாடியிலிருந்து ஏறக்குறைய 1 வினாடிவரை, நீங்கள் வாழ்நாளில் எடுக்கப்போகிற படங்களில் பெரும்பாலானவற்றுக்கு, சரிக்குச் சரி சரியாகவே இருக்கும். 1 வினாடியைத் தாண்டியதும் விதி நொண்ட ஆரம்பிக்கிறது. 10 வினாடியில் நன்றாகத் தெரியும். 100 வினாடியில் விதி படுத்தே விடும். ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் இதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஆப்னி என்ற ஆங்கிலேயர். மங்கலான வெளிச்சத்தில் பெருக்கல் கணக்கு பொய்க்கிறது என்று 1893-ல் எழுதினார். அதற்கு ஒரு சூத்திரம் கண்டவரோ நட்சத்திரம் பார்க்கிறவர். கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட். வியன்னாவில் குஃப்னர் வானாய்வகத்தில் 1896 முதல் 1899 வரை வேலை பார்த்தார். நட்சத்திரங்களைக் கண்ணாடிப் பிளேட்டில் படமெடுத்து, அந்தப் புள்ளியின் கருமையை வைத்து நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். மங்கிய நட்சத்திரத்துக்கு எவ்வளவு நேரம் கூட்டிக் கொடுத்தாலும் கணக்குப்படி வரவேண்டிய கருமை வரவில்லை. பிளேட்டுக்கு நேரம் முழுசாகக் கணக்கில் ஏறுவதில்லை, நேரத்தின் 0.86 அடுக்குதான் ஏறுகிறது என்று அவர் அளந்து சொன்னார். அதே ஸ்வார்ஸ்சைல்ட்தான் 1915-ன் கடைசியில், முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்முனையில் இருந்துகொண்டு, ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டுபிடித்தார். இன்று கருந்துளையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே, 1916 மே மாதம் இறந்துபோனார். இருட்டு அறையில் பிலிம் கழுவுகிற நாங்கள் அவரை வேறு காரணத்துக்காக நினைத்துக்கொள்கிறோம்.

சரி, ஏன் இப்படி? பிலிமின் மேல் பூசியிருக்கிற ஜெலட்டினுக்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் புதைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வெளிச்சம் என்பது துகள் துகளாக வருவது. ஒரு துகள் படிகத்தில் மோதினால் ஓர் எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வருகிறது. அது படிகத்தில் ஒரு குறையுள்ள இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. பக்கத்தில் அலைந்துகொண்டிருக்கிற வெள்ளி அயனி ஒன்று அதோடு வந்து சேர்ந்து ஒரு வெள்ளி அணு ஆகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கர்னி, மாட் என்ற இருவரும் 1938-ல் விளக்கிய கதை இது. மாட்டுக்குப் பின்னால், 1977-ல், வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒற்றை வெள்ளி அணு நிலையில்லாதது. துணைக்கு இன்னொன்று வராவிட்டால், ஒன்றிரண்டு வினாடிக்குள் எலெக்ட்ரானை விட்டுவிட்டு மறுபடி அயனியாகிவிடும். வெளிச்சம் வந்ததற்கான தடயமே இருக்காது. இரண்டாவது அணு சேர்ந்துவிட்டால் கொஞ்சம் நிலைக்கும். மூன்று, நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் கூடிவிட்டால் அந்தப் படிகம் தேறிவிட்டது. டெவலப்பரில் போட்டதும் படிகம் முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறிவிடும். நாலே நாலு அணுவை நூறு கோடி மடங்கு பெருக்குகிற வேலையைத்தான் டெவலப்பர் செய்கிறது. ஆனால் அந்த நாலு அணு இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் டெவலப்பரில் ஊறப்போட்டாலும் பிரயோசனம் இல்லை.

விறகடுப்பு பற்றவைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்துத் தீக்குச்சியை ஒன்றாகக் கிழித்து வறட்டிக்கு அடியில் வைத்துப் பாருங்கள், பற்றிக்கொள்ளும். அதே பத்துக் குச்சியை ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகக் கிழித்து வையுங்கள். ஒவ்வொன்றும் தனியாக எரிந்து அணையும். பத்தும் தீர்ந்தபிறகும் வறட்டி அப்படியே கிடக்கும். செலவான குச்சி இரண்டு தடவையும் பத்துதான். பன்சனின் பெருக்கல் கணக்கு குச்சியை எண்ணுகிறது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதில்லை.

கானாடுகாத்தான் வீட்டில் நடந்தது இதேதான். முற்றத்தில் போதுமான வெளிச்சம். அங்கே இருந்து வந்த துகள்கள் படிகங்களில் அடுத்தடுத்து மோதி, நாலு அணுவை எளிதாகச் சேர்த்துவிட்டன. தூணுக்குப் பின்னால் இருந்த மூலைக்கோ முற்றத்து வெளிச்சத்தில் சிறு பங்குகூட இல்லை. அங்கே ஓர் அணு உருவாகி, காத்திருந்து, கலைந்துபோய், அதற்கப்புறம்தான் அடுத்த துகள் வந்திருக்கும். 30 வினாடியும் அந்த மூலை வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. பிலிமும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. வாங்கியதை வைத்துக்கொள்ள அதனால் முடியவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. எல்லா இடமும் ஒரே அளவு நஷ்டப்பட்டால் நேரத்தைக் கூட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அப்படி இல்லை. நிழல் அதிகம் இழக்கும், வெளிச்சமான இடம் குறைவாக இழக்கும். நிழலைக் காப்பாற்ற நேரத்தைக் கூட்டினால், நஷ்டமே படாத முற்றத்துக்கும் அந்தக் கூடுதல் நேரம் போய்ச்சேரும். அது தடித்துக் கறுத்துவிடும். பிரின்ட் போட்டால் முற்றம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, மற்றது கரி. அதனால் நேரத்தைக் கூட்டிய கையோடு டெவலப்பரில் வைக்கிற நேரத்தைக் குறைக்கவேண்டும். எக்ஸ்போஷர் நிழலைத் தீர்மானிக்கும், டெவலப்பர் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் என்பது டார்க் ரூமின் பழைய பாடம். நீண்ட எக்ஸ்போஷரில் அந்தப் பாடத்தை மறந்தால் ஒரு பக்கத்தை மீட்டு இன்னொரு பக்கத்தைப் பறிகொடுப்போம்.

கோடாக் நிறுவனம் டிரை-எக்ஸ் பிலிமுக்கு வெளியிட்ட அட்டவணையை நான் முதன்முதலாகப் பார்த்தபோது என்னால் நம்பமுடியவில்லை. மீட்டர் 1 வினாடி சொன்னால் 2 வினாடி கொடு. 10 வினாடி சொன்னால் 50 வினாடி கொடு. 100 வினாடி சொன்னால் 1200 வினாடி, அதாவது 20 நிமிஷம் கொடு. டெவலப்பர் நேரத்தை முறையே 10, 20, 30 சதவீதம் குறை. அட்டவணையில் மூன்றே வரிதான். ஆனால் அதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. 10 வினாடிக்கான வரியில், அப்பர்ச்சரைத் திறப்பதாக இருந்தால் 2 ஸ்டாப் திறந்தால் போதும் என்று இருக்கும். 2 ஸ்டாப் என்றால் 4 மடங்கு. அப்படியானால் நேரக் கணக்கில் 40 வினாடிதானே வரவேண்டும்? 50 என்று போட்டிருக்கிறார்கள். 100 வினாடிக்கு 3 ஸ்டாப், அதாவது 8 மடங்கு, 800 வினாடி. போட்டிருப்பதோ 1200.

காரணம், கூட்டிக் கொடுக்கிற நேரமும் அதே மங்கலான வெளிச்சத்தில்தான் கழிகிறது. ஈடுகட்டக் கொடுத்த வினாடிகளிலும் ஒரு பங்கு வீணாகிறது. அப்பர்ச்சரைத் திறந்தால் துகள்கள் நெருக்கமாக வந்து விழும், அங்கே நோய்க்கே மருந்து. எட்டவும் கிட்டவும் தெளிவு வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் அப்பர்ச்சரைத் திறந்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அன்று எனக்கு எஃப்22 தேவை என்று பிடிவாதமாக இருந்தேன். எஃப்11 போதும் என்று அந்த நெகட்டிவை இன்று பார்த்தால் தெரிகிறது.

எல்லாப் பிலிமும் ஒரே மாதிரி களைப்பதில்லை. 1986-ல் கோடாக் கொண்டுவந்த டி-மேக்ஸ் வரிசையில் படிகங்கள் தட்டையான தகடுபோல் இருக்கும். அந்த டி-மேக்ஸ் 100-ல், மீட்டர் 100 வினாடி சொன்னால் 200 வினாடி கொடுத்தால் போதும். டிரை-எக்ஸ் கேட்கிற 1200 எங்கே, இது எங்கே! ஜப்பானின் ஃபியூஜி தயாரித்த நியோபான் ஆக்ரோஸ் இதையும் மிஞ்சியது. 120 வினாடிவரை ஒரு வினாடிகூடக் கூட்டத் தேவையில்லை. 1000 வினாடிவரை அரை ஸ்டாப் போதும். ராத்திரியில் படமெடுக்கிறவர்கள் அதைத் தங்கம்போல் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2018-ல் அதன் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபியூஜி அறிவித்தபோது உலகம் முழுவதும் வாங்கிப் பதுக்கினார்கள். 2019 நவம்பரில் ஆக்ரோஸ் II என்று திரும்பி வந்தது.

நான் பழகிய இல்ஃபோர்ட் பிலிம்களுக்கு அந்த நிறுவனமே ஒரு எளிய சூத்திரம் கொடுத்திருக்கிறது. மீட்டர் சொல்கிற வினாடியை ஓர் அடுக்குக்கு உயர்த்தவேண்டும். எஃப்பி4 பிளஸுக்கு அந்த அடுக்கு 1.26, எச்பி5 பிளஸுக்கு 1.31, டெல்டா 400-க்கு 1.41. உங்கள் போனில் இருக்கிற கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்குப் போடுகிற பொத்தான் வரும். 30 என்று அடித்து 1.26 அடுக்குப் போட்டுப் பாருங்கள். 73 வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒன்றேகால் நிமிஷத்துக்கு இரண்டு வினாடிதான் குறைவு. என் அப்பா அந்தச் சூத்திரத்தைக் கண்ணால் பார்த்தவரில்லை. எச்பி5 பிளஸ் என்றால் அதே 30 வினாடி 86 ஆகும். ஒரு நிமிஷம் என்பது மூன்றரை நிமிஷமாகும். ஸ்வார்ஸ்சைல்டின் 0.86-ம் இல்ஃபோர்டின் 1.26-ம் ஒரே சூத்திரத்தின் இரண்டு முனைகள்தான். 1-ஐ 0.86-ஆல் வகுத்தால் 1.16 வரும், அவ்வளவே. அவருடைய கண்ணாடிப் பிளேட் என்னுடைய பிலிமைவிடக் கொஞ்சம் நல்ல நினைவாற்றல் உள்ளதாக இருந்திருக்கிறது.

வானியலாளர்கள் இதனால் பட்ட பாடு தனிக் கதை. மங்கிய விண்மீன் மண்டலத்திலிருந்து ஒரு படிகத்துக்கு ஒரு துகள் வந்து, அடுத்தது வர எத்தனையோ நிமிஷம் ஆகும். அதற்காகவே கோடாக் தனியாகப் பிளேட் தயாரித்தது. 103ஏ வரிசை என்று பெயர். 1949-ல் தொடங்கிய பாலோமர் வான் வரைபடத் திட்டம் அந்தப் பிளேட்களில்தான் எடுக்கப்பட்டது. பின்னால் இன்னும் துணிந்தார்கள். பிளேட்டை நைட்ரஜனில் வைத்துச் சூடாக்கி, ஹைட்ரஜன் வாயுவில் ஊறவைத்து, ஜெலட்டினில் இருக்கிற ஈரத்தையும் ஆக்சிஜனையும் விரட்டி, படிகங்களைத் தயார்ப்படுத்தி அப்புறம் தொலைநோக்கியில் மாட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் எடுத்த விண்மீன் படங்களுக்குப் பின்னால் இந்தச் சமையல் இருக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்த்தவர்களோ கேமராவின் முதுகில் உலர்பனிக்கட்டி வைத்துப் பிலிமைக் குளிர்வித்தார்கள். குளிரில் அந்த ஒற்றை அணு சீக்கிரம் கலையாது, துணை வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

டிஜிட்டல் கேமராவிலும் போனிலும் இந்தத் தொல்லை இல்லை. அங்கே சென்சார் துகளை எண்ணி வைத்துக்கொள்கிறது, விட்டுவிடுவதில்லை. நேரம் நீண்டால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், அது வேறு நோய். பிலிமிலேயே எதிர்ப்பக்கம் ஒரு கோளாறு உண்டு. பிளாஷ் மாதிரி 1/10,000 வினாடிக்கும் குறைவாகப் பளீரென்று அடிக்கிற வெளிச்சத்தில், எலெக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் முண்டியடித்து ஆளுக்கொரு மூலையில் சிதறிவிடும், ஒரே இடத்தில் நாலு சேராது. நம் வேலைக்கு அது அபூர்வமாகத்தான் குறுக்கே வரும்.

இந்தக் குணத்தைப் பிலிமின் குறையாக மட்டும் பார்க்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 1930-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தை ராத்திரியில் படமெடுத்த பிராஸாய், எக்ஸ்போஷரைச் சிகரெட்டால் அளந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஓரளவு வெளிச்சம் என்றால் ஒரு காலுவாஸ் எரிந்து தீரும்வரை, இன்னும் இருட்டு என்றால் அதைவிடத் தடித்த போயார். கேட்கிறவர்களுக்கு விளையாட்டாகத் தெரியும். ஆனால் அவ்வளவு நீண்ட நேரத்தில் ஒரு நிமிஷம் கூடினாலும் குறைந்தாலும் பிலிம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆறு நிமிஷம் கொடுக்கவேண்டிய இடத்தில் ஏழு கொடுத்தால் கால் ஸ்டாப்புக்கும் குறைவான வித்தியாசம். இங்கிலாந்துக்காரர் மைக்கேல் கென்னா ஒரே படத்துக்கு ராத்திரி முழுவதும், பத்து மணி நேரம்வரைகூட ஷட்டரைத் திறந்து வைத்திருக்கிறார். பகலில் பிலிம் கறாரான கணக்குப்பிள்ளை. இருட்டில் அது தாராளம். அந்தத் தாராளத்தை அனுபவிக்கத் தெரிந்தவர்கள் எடுத்த படங்களில் நிழலுக்கு ஒரு கனம் இருக்கிறது. போனில் எடுத்த ராத்திரிப் படத்தில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை. போன், இருட்டை இருட்டாக விடுவதே இல்லை.

உங்கள் பிலிம் எப்படிப்பட்டது என்று நீங்களே ஒரு ரோலில் கண்டுபிடிக்கலாம். வெளிச்சம் மாறாத ஓர் அறை வேண்டும். ஜன்னலை அடைத்துவிட்டு ஒரே ஒரு சிறிய பல்பு போடுங்கள். ஒரு மூலையில் கறுப்புத் துணியும் வெள்ளைத் துண்டும் தொங்கட்டும். எஃப்4-ல் அரை வினாடி வருகிற மாதிரி பல்பைத் தள்ளியோ நெருக்கியோ வைத்து ஒரு படம் எடுங்கள். அதுதான் அளவுகோல். எஃப்4-லிருந்து எஃப்32 வரை ஆறு ஸ்டாப், 64 மடங்கு. சரிக்குச் சரி விதி உண்மையானால் எஃப்32-ல் 32 வினாடி கொடுத்த படம் முதல் படத்தைப்போலவே இருக்கவேண்டும். இருக்காது. அதே எஃப்32-ல் 48, 64, 80, 100, 128 என்று எடுத்துக்கொண்டே போங்கள். ரோல் முழுவதையும் ஒன்றாகக் கழுவி, லைட் பாக்ஸில் வைத்துக் கறுப்புத் துணியை மட்டும் ஒப்பிடுங்கள். எந்தப் படத்தின் துணி முதல் படத்துத் துணியோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் உங்கள் பிலிமின் 32 வினாடி. எஃப்பி4 பிளஸில் எனக்கு 80 ஒத்துவந்தது. வெள்ளைத் துண்டையும் பாருங்கள். அது முதல் படத்தில் இருந்ததைவிடக் கறுத்திருக்கும். அந்த வித்தியாசம்தான் டெவலப்பரில் நீங்கள் குறைக்கவேண்டிய நேரம். லென்ஸ் எஃப்22-ல் நின்றுவிடுகிறதென்றால் முதல் படத்தை எஃப்2.8-ல் எடுங்கள், அதே ஆறு ஸ்டாப் கிடைக்கும்.

இத்தனையும் தெரியாமல், அப்பா சொன்ன ஒன்றேகால் நிமிஷத்தை மட்டும் நம்பி, அடுத்த வாரமே இரண்டாவது ரோலோடு கானாடுகாத்தானுக்குத் திரும்பிப் போனேன். அதே இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தினேன். தரையில் பென்சிலால் போட்டிருந்த புள்ளி அப்படியே இருந்தது. ஆச்சியை நிலைப்படியில் உட்காரச் சொன்னேன். "அசையாம இருக்கணும் ஆச்சி, ஒன்னேகால் நிமிஷம்" என்றேன். "இந்த வயசுல நான் எங்க ஆத்தா அசையப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார்கள். 75 வினாடி. நடுவில் ஒரு பையன் தண்ணீர்ச் சொம்போடு முற்றத்தின் ஓரமாகக் குறுக்கே போனான். படம் கெட்டது என்று நினைத்தேன். அவன் நெகட்டிவில் இல்லவே இல்லை. நடந்து போகிறவன் ஒரு படிகத்துக்கு முன்னால் நிற்பது இமைப்பொழுது. அதற்குள் அவன் முகத்திலிருந்து நாலு அணு சேர வாய்ப்பில்லை.

கழுவுகிறபோது இன்னொரு தடங்கல். காரைக்குடியில் மாசி மாதத்துத் தண்ணீரே 28 டிகிரிக்கு நிற்கும். பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் டெவலப்பர் ஜாடியை இறக்கி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எப்போதும் எட்டரை நிமிஷம் வைப்பதை ஏழு நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். அதுவும் அப்பா சொன்னதுதான். அன்று நெகட்டிவில் அறைவாசல் இருந்தது. அதன் நிலையில் செதுக்கிய கஜலட்சுமி இருந்தாள். அறைக்குள் சுவரில் மாட்டியிருந்த ரங்கூன் கடிகாரத்தின் வட்டம்கூட மெலிதாக இருந்தது. நிலைப்படியில் ஆச்சி இருந்தார்கள். மூச்சில் ஏறி இறங்கிய தோள் கொஞ்சம் கலங்கியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

அந்த ரோல் நான் கையால் எழுத ஆரம்பித்த முதல் ரோல். ஒவ்வொரு படத்துக்கும் பிலிம், அப்பர்ச்சர், மீட்டர் சொன்ன நேரம், நான் கொடுத்த நேரம், டெவலப்பர் நேரம் என்று ஐந்து விவரம். முப்பது வருஷமாக எழுதுகிறேன். நிறுவனங்கள் கொடுக்கிற அட்டவணை நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மீட்டர், உங்கள் டெவலப்பர், உங்கள் ஊர்த் தண்ணீர் மூன்றும் சேர்ந்து தருகிற எண் உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஆச்சி 1999-ல் காலமானார்கள். பங்காளிகளுக்குள் பாகம் பிரித்து, வீட்டை இடித்து, தூண்களும் கதவுகளும் லாரியில் ஏறிப்போய்ச் சில வருஷம் ஆகிவிட்டன. செட்டிநாட்டில் இன்னும் நிற்கிற வீடுகளில் இருட்டான உள்கட்டுகள் நிறைய உண்டு. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒன்று இருந்தால், ஒரு ரோல் கறுப்பு வெள்ளைப் பிலிமும் ஸ்டாண்டும் எடுத்துக்கொண்டு போங்கள். முற்றத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்னால் இருக்கிற அறைக்கும் அது கேட்கிற நேரத்தைக் கொடுங்கள்.